எதிர்ப்பொருள் உருவாகும் விதம்: சில பழைய கோட்பாடுகள்

நேயர்களுக்கு வணக்கம். டெட்டனஸ் நச்சைத் தாங்கப் பழக்கப்பட்ட ஒரு விலங்கின் சீரம், அதாவது உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர், இன்னொரு விலங்கையும் காக்கும் என்று 1890இல் பெர்லினில் பெரிங்கும் கிடாசாட்டோவும் காட்டினர். ஆனால் அந்தச் சீரத்திலுள்ள எதிர்ப்பொருளை, அதாவது நச்சு போன்ற அயற்பொருளோடு பொருந்தி அதை எதிர்க்கும் புரதத்தை, உடல் எவ்வாறு உண்டாக்குகிறது என்ற கேள்வி, அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்களை அலைக்கழித்தது.

முதல் விரிவான விடையை 1897இல் பால் எர்லிக் அளித்தார். செல்லின் மேற்பரப்பில் ஏற்கெனவே இருக்கும் பலவகைப் பக்கச் சங்கிலிகளுள் ஒன்றில் நச்சு பொருந்தி அதை முடக்கிவிட, அந்த இழப்பை ஈடுகட்ட முனையும் செல் அதே சங்கிலியைத் தேவைக்கு மேல் உற்பத்தி செய்து இரத்தத்தில் உதிர்க்கிறது. உதிர்ந்தவையே எதிர்ப்பொருள்கள் என்றார் அவர்.

இக்கருத்தை ஆட்டம் காணச் செய்தவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். ஆய்வகத்தில் தயாரித்த செயற்கை வேதிப்பொருள்களைப் புரதத்தோடு இணைத்து அவர் முயல்களுக்குச் செலுத்தியபோது, அவற்றுக்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றின. பென்சீன் வளையத்தில் ஓர் அமிலத் தொகுதி இடம் மாறியிருந்தால்கூட அவை வேறுபாட்டைக் கண்டுகொண்டன. இயற்கையில் இல்லாத பொருளுக்கெல்லாம் முயலின் செல் முன்கூட்டியே சங்கிலி வைத்திருக்குமா என்ற ஐயம் நியாயமானதே.

எனவே, அச்சில் வார்த்த வெல்லம்போல, எதிர்ப்பொருளைத் தூண்டும் அயற்பொருளான ஆன்டிஜெனின் மேல் படிந்துதான் எதிர்ப்பொருள் வடிவம் பெறுகிறது என்று 1930இல் பிராகாவில் பிரைன்லும் ஹாரோவிட்ஸும் கூறினர். 1940இல் லைனஸ் பாலிங் அதற்கு வேதியியல் மெருகேற்றினார். அழகான கோட்பாடுதான். ஆனால் அச்சு உடலைவிட்டு நீங்கிய பின்னும் உற்பத்தி தொடர்வதையும், இரண்டாம் முறை எதிர்வினை விரைந்தும் மிகுந்தும் வருவதையும் அதனால் விளக்க இயலவில்லை.

1955இல் நீல்ஸ் யெர்னே மீண்டும் தேர்வுக் கருத்தை முன்வைத்தார்: எர்லிக் சொன்னதுபோல, முன்பே இருப்பவற்றுள் தனக்குப் பொருந்துவதை ஆன்டிஜென் தேர்ந்தெடுக்கிறது என்பது அது. அவர் மூலக்கூறுகளைச் சொன்ன இடத்தில், 1957இல் மெல்போர்னின் பர்னெட்டும், தனித்து அமெரிக்காவின் டால்மேஜும் செல்களை வைத்தனர்: ஒவ்வொரு செல்லும் ஒரேவகை எதிர்ப்பொருளுக்கு உரியது, ஆன்டிஜென் தனக்குப் பொருந்தும் செல்லைப் பெருகச் செய்கிறது. மறு ஆண்டே நோசலும் லெடர்பெர்க்கும் இருவகை சால்மோனெல்லாவைச் செலுத்திய எலிகளின் செல்களைத் தனித்தனி நுண்துளிகளில் இட்டு, நீந்தும் பாக்டீரியாவை அவற்றுள் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தனர். சில செல்கள் ஒருவகையை அசையாமல் நிறுத்தின, சில மற்றதை. இரண்டையும் நிறுத்திய செல் ஒன்றும் அகப்படவில்லை.

லாண்ட்ஸ்டைனரின் முயல்கள் எழுப்பிய கேள்வி அப்போதும் தீரவில்லை. எதிர்ப்பொருள் மரபணு துண்டுகளாக இருந்து, செல் முதிரும்போது வெவ்வேறு விதமாக இணைக்கப்படுகிறது என்று 1976இல் சுசுமு டோனேகாவா காட்டியபோதுதான், சில நூறு துண்டுகளிலிருந்து கணக்கற்ற வடிவங்கள் பிறக்கும் வழி தெரிந்தது.