திரையில் கோளாறா? முதலில் மானிட்டரின் மெனுவைத் திறங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினியின் திரை திடீரென்று மஞ்சளடிக்கிறது, கறுப்பு வெள்ளையாகிறது, தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “ஃபார்மட் பண்ணிடலாம்” என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். இன்று சொல்லப்போகும் கோளாறுகளில் ஒன்றுக்குக்கூட ஃபார்மட் தேவையில்லை. அதனால் போவது உங்கள் வீட்டுப் படங்களும் பிள்ளைகளின் கோப்புகளும்தான்.

எந்த செட்டிங்ஸையும் தொடுவதற்கு முன் கோளாறு மானிட்டரிலா, கேபிளிலா, கணினிக்குள்ளா என்று பிரித்துவிட வேண்டும். மானிட்டரின் கீழ்விளிம்பிலோ பின்பக்கத்திலோ உள்ள மெனு பட்டனை அழுத்துங்கள். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அந்தப் பெட்டியை வரைவது கணினி அல்ல, மானிட்டரேதான். திரை மஞ்சளாக இருந்து, பெட்டி மட்டும் இயல்பான நிறத்தில் தெரிந்தால், பெரும்பாலும் கேபிளையோ கணினியையோதான் பார்க்க வேண்டும். பெட்டியின் மேலும் கோடு ஓடினால், அதுவும் சேர்ந்து துடித்தால், கோளாறு மானிட்டரில். எப்படியானாலும் அதே மெனுவில் உள்ள ஃபேக்டரி ரீசெட்டை ஒருமுறை செய்துவிடுங்கள். லேப்டாப்பில் இந்த மெனு கிடையாது. ஹெச்.டி.எம்.ஐ. கேபிளால் டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்து, மூடியை அசைக்கும்போது லேப்டாப் திரையில் மட்டும் கோடுகள் மாறினால், கீல் வழியாகப் போகும் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பழைய மானிட்டர்களில் இருப்பது நீல முனை கொண்ட வி.ஜி.ஏ. கேபிள். 15 ஊசிகள், மூன்று வரிசை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசியில் வருகின்றன. நீலம் விட்டுப்போனால் வெள்ளைத் திரை மஞ்சளாகும். பச்சை போனால் அடர் இளஞ்சிவப்பு, சிவப்பு போனால் பச்சை கலந்த நீலம். இரண்டு பக்கமும் மின்சாரத்தை நிறுத்தி, கேபிளைக் கழற்றி, வெளிச்சத்தில் ஊசிகளைப் பாருங்கள். வளைந்திருந்தால் மெல்லிய இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தலாம். நடு வரிசையில் ஓர் ஊசி இல்லையே என்று பதற வேண்டாம். 9ஆம் ஊசி பல கேபிள்களில் வைப்பதே இல்லை. திரும்பச் செருகிய பின் இரண்டு திருகுகளையும் முடுக்குங்கள். அதை விட்டுவிடுவதால்தான் கேபிள் தளர்ந்து நிறம் மறுபடி போகிறது.

திரை முழுக்கக் கறுப்பு வெள்ளையானால், திரையின் நிறத்தை மாற்றிக்காட்டும் விண்டோஸ் வசதியான கலர் ஃபில்டர் ஆன் ஆகியிருக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மாறாவிட்டால் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் கலர் ஃபில்டர்ஸ். இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்பும்: ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோனில் பார்த்தால் நிறம் சரியாகவே இருக்கும். ஃபில்டர் ஸ்கிரீன்ஷாட்டில் பதியாது. அதை வைத்து மானிட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

தலைகீழ்த் திரைக்கு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய் ஓரியன்டேஷனை லேண்ட்ஸ்கேப் ஆக்கினால் போதும். ரெசல்யூஷனை மாற்றித் திரை இருண்டுவிட்டால், எதையும் அழுத்தாமல் 15 விநாடி காத்திருங்கள். விண்டோஸ் தானே பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

டிவியில் இணைத்து டாஸ்க்பார் விளிம்பில் வெட்டுப்பட்டால் கணினியில் எதையும் மாற்ற வேண்டாம். டிவியின் பிக்சர் சைஸ் மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

திரை துடித்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அதுவும் சேர்ந்து துடித்தால், திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவர்தான் காரணமாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால், ஏதோ ஒரு செயலி ஒத்துப்போகவில்லை. அண்மையில் நிறுவியதை நீக்கிப் பாருங்கள்.

கடைசியாக, திரைக்கோளாறு மாதிரியே வந்து ஏமாற்றும் ஒன்று. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்ற எச்சரிக்கை. வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறினால் பிரவுசர் அவற்றை ஏற்காது. பிளக்கைப் பிடுங்கி வைத்த ஒவ்வொரு முறையும் இப்படி ஆனால், மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதைப் பொருத்தி, பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்பு மெனுவில்) தேதியைச் சரிசெய்யுங்கள். ஆனால் தேதி சரியாக இருந்து, கடிகாரம் மட்டும் துல்லியமாக ஐந்தரை மணி நேரம் பிசகினால் பேட்டரி வாங்க வேண்டாம். செட்டிங்ஸில் டைம் ஸோன் சென்னை, கொல்கத்தா, மும்பை, டெல்லி என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதே கணினியில் விண்டோஸுடன் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் போட்டிருந்தால் இரண்டும் கடிகாரத்தை வெவ்வேறு விதமாகப் படிப்பதாலும் இந்த ஐந்தரை மணி வித்தியாசம் வரும்.