குய்லினில் ஐம்பது குரல்கள்

வணக்கம் நேயர்களே. சீனாவுக்குப் போய் ஆங்கில ஆசிரியப் பயிற்சி பெற்ற கதையைச் சொல்லுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். சாப்பாட்டில் தொடங்கினால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். வகுப்பறைக்கே போய்விடுகிறேன்.

அதற்கு முன் ஒரு வேடிக்கை. அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு இளங்கலைப் பட்டம், காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை, இரண்டாண்டு அனுபவம் அல்லது 120 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் என்று பலவும் கேட்பார்கள். பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியாக வழங்கும் நாட்டின் பாஸ்போர்ட்டும் வேண்டும். நான் மதுரையில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்தவள். எனக்குத் தாய்மொழி தமிழ். என் பாஸ்போர்ட்டுக்குத் தாய்மொழி ஆங்கிலம். என்னைவிட நன்றாக ஆங்கிலம் எழுதும் என் அத்தை மகள் மதுரைக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். அவளுக்கு அந்த வாசல் ஏறக்குறைய மூடியே இருந்தது.

போக நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று. “சுற்றுலா விசா போதும், வந்து சேருங்கள்” என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். என் தோழி ஒருத்தியிடம் அப்படிச் சொன்னார்கள். நல்லவேளை, அவள் போகவில்லை. வேலைக்கு இசட் விசாதான். 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனியார் டியூஷன் தொழிலைச் சீன அரசு இறுக்கிய பிறகு வேலைகளும் முன்போல் இல்லை.

நான் போனது அதற்கு முன்பு. முதல் மாதம் பீஜிங்கில். காலையில் கற்பித்தல் முறை, மாலையில் சீனம். தூரிகையும் மையும் கொடுத்து ‘யோங்’ என்ற எழுத்தை எழுதச் சொன்னார்கள். ‘என்றென்றும்’ என்று பொருள். சீன எழுத்தின் எட்டு அடிப்படைக் கோடுகளும் அந்த ஒன்றிலேயே இருப்பதால் பழகுகிறவர்கள் அதை எழுதிக்கொண்டே இருப்பார்கள். என்னுடையது கடைசி நாள் வரை நசுங்கிய சிலந்தியைப் போலவே இருந்தது.

பிறகு குய்லின். தெற்கே, கூம்பு கூம்பாக நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளின் ஊர். அந்தப் பக்கத்து லீ ஆற்றுக் காட்சியை 20 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் பார்க்கலாம். எனக்குக் கிடைத்தது நான்காம் வகுப்பு, ஐம்பது பிள்ளைகள். சீனத் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் உண்டு.

காலையில் பள்ளிக்குள் நுழைந்தால் கட்டடமே இரையும். காலை வாசிப்பு நேரம் அது. ஒவ்வொரு வகுப்பும் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருக்கும். பீஜிங்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு: ஆசிரியர் பேச்சைக் குறை, பிள்ளைகளை இருவர் இருவராகப் பேச விடு, கிளிப்பிள்ளைப் பாடம் கூடாது. ஆகவே முதல் நாளே, “உனக்குப் பிடித்த உணவு என்ன?” என்று ஒரு பையனை எழுப்பிக் கேட்டேன். எழுந்தான். காது மடல் சிவந்தது. வாய் திறக்கவில்லை. ஐம்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள், அவனை அல்ல. தப்புச் செய்தவள் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வகுப்பு முடிந்ததும் அந்த ஊர் ஆசிரியை வெந்நீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி சொன்னார்: முதலில் எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும், பிறகு ஒரு வரிசை, பிறகு இருவர், கடைசியில் ஒருவன். எடுத்த எடுப்பில் தனியாக நிறுத்தி அவன் முகத்தைக் கெடுக்காதீர்கள். முகம் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முகத்தில் கரி பூசுவது, முகம் கொடுத்துப் பேசுவது என்று கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. வாய்ப்பாடு ஒப்பித்த பாட்டியின் பேத்தி, சேர்ந்து படிப்பதை மட்டமாக நினைத்ததுதான் வெட்கக்கேடு.

அதே வாரம் எனக்கும் அந்த வைத்தியம் நடந்தது. பழக்கடையில் பம்பளிமாஸ் கேட்டேன். சீனத்தில் ‘மாய்’ என்பதைக் குரல் தாழ்த்தி எழுப்பினால் வாங்குவது. மேலிருந்து வெட்டி இறக்கினால் விற்பது. நான் விற்க வந்திருப்பதாகச் சொல்லிவிட்டேன். கடைக்காரப் பாட்டி சிரித்து ஓய்ந்த பிறகு விடவில்லை. பக்கத்துக் கடைக்காரியையும் சேர்த்துக்கொண்டு, மூன்று பேருமாக ‘மாய், மாய்’ என்று பத்துத் தடவை சொன்னோம். அத்தனை குரலுக்குள் என் பிழை யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்டது.

பிள்ளைகளின் சிக்கல் சொல்லின் கடைசியில் இருந்தது. மாண்டரின் என்னும் பொதுச் சீனத்தில் அசைகள் பெரும்பாலும் உயிரிலோ ‘ன்’, ‘ங்’ ஒலியிலோதான் முடியும். அதனால் ‘குட்’ என்பது அவர்கள் வாயில் ‘குடெ’. என்னோடு பயிற்சிக்கு வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கோ பாட்டியின் ஞாபகம். பஸ்ஸு, பேங்க்கு, கேட்டு. கடைசி மெய்யை அந்தரத்தில் விடப் பாட்டிக்கும் மனம் வராது. நம் இலக்கணத்தில் மெய்யின்மேல் உயிர் வந்து ஏறுமே, அதைப் பிடித்துக்கொண்டேன். ‘குட் ஆப்பிள்’ என்பதை ‘கு-டாப்பிள்’ என்று சேர்த்துச் சொல்ல வைத்தேன். வகுப்பு முழுதும் ஒரு வாரம் அதையே பாடியது. அப்புறம் ஆப்பிளை மெல்ல உருவிக்கொண்டேன். ‘ட்’ தன் இடத்தில் நின்றது. வகுப்பைப் பார்வையிட வந்தவர் என் பாடத்தில் ‘கூட்டுப் பயிற்சி அதிகம்’ என்று குறை எழுதினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தாத்தா சிற்றலையில் பீஜிங் வானொலி கேட்பவர். 1963இல் அவர்கள் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். சீன அறிவிப்பாளர்களின் ழகரத்தைக் கேட்டுத் தாத்தா அசந்துபோவார். எங்கள் தெருவிலோ வாழைப்பழம் வாளைப்பளமாகத்தான் விற்றது. எப்படி வருகிறது இவர்களுக்கு என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

குய்லினில் ஒரு மதியம் மழை பிடித்துக்கொண்டது. உங்கள் மொழியில் இதற்கு என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். சொன்னேன். அந்தக் காது சிவந்த பையன் எழுந்திருக்காமலே, உட்கார்ந்த இடத்திலிருந்து “மழை” என்றான். சுத்தமான ழகரம். சீனத்தில் சூரியனைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கம். நாக்கை எங்கே வளைப்பது என்பது அவனுக்கு முன்பே தெரியும். அடுத்த நொடி ஐம்பது பேரும் ஜன்னலைப் பார்த்து “மழை, மழை” என்று கத்தத் தொடங்கினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைத் திறந்து, என்ன பாடம் நடக்கிறது இங்கே என்று கேட்டார்.