பற்றவைப்பின் ஓரம்

நேயர்களுக்கு வணக்கம். வெல்டிங் செய்த இரும்பை உடைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பற்றவைத்த தகட்டிலிருந்து குறுக்காக ஒரு பட்டை வெட்டுவோம். அதை எந்திரத்தின் இரண்டு தாடைகளில் மாட்டி அறும்வரை இழுப்போம். சாதாரணக் கட்டட இரும்பு என்றால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 41 கிலோ தாங்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பற்றவைத்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பட்டை அங்கே அறாது. ஒழுங்கான வெல்டிங் என்றால் தள்ளிப்போய்த் தகட்டில்தான் அறும். ராடிலிருந்து, அதாவது உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் கம்பியிலிருந்து, இறங்குகிற உலோகம் பெரும்பாலும் தகட்டைவிட வலுவானது. கடையில் 7018 ராடு என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் முதல் இரண்டு எண்கள் அந்த வலிமையைத்தான் சொல்கின்றன. சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 49 கிலோ.

சரி, அப்புறம் என்ன பயம்? பயம் ஓரத்தில் இருக்கிறது.

கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சட்டென்று குளிர்ந்த இரும்பு கெட்டியாகும், கூடவே நொறுங்கும் குணமும் வந்துவிடும். வெல்டிங்கிலும் இதே கதைதான், தண்ணீர் மட்டும் இல்லை. உருகிய கோட்டுக்குப் பக்கத்தில் சில மில்லிமீட்டர் அகல இரும்பு உருகாமலே பழுக்கிறது. சுற்றியிருக்கும் தடித்த, குளிர்ந்த தகடு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. கார்பன் கூடின இரும்பில் அந்த ஓரம் கண்ணாடிபோல ஆகிவிடும். ராடின் பூச்சு ஈரமாக இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் வேறு உள்ளே போகும். அதனால் விழும் விரிசல் உடனே வராது, மறுநாள்கூட வரலாம். தடித்த தகடுகளை 48 மணி நேரம் கழித்துச் சோதிக்கச் சொல்வதும், 7018 ராடை அடுப்பில் காயவைத்து எடுக்கச் சொல்வதும் அதற்காகத்தான். அடுப்பை அணைத்துவைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று உண்டு, இழுத்துப் பார்க்கும் சோதனைக்குப் பிடிபடாதது. கட்டுக்கம்பியை இழுத்து அறுக்க முடியாது. இப்படியும் அப்படியும் மடக்கினால் அறுந்துவிடும். அதைவிடப் பல மடங்கு மெல்லிய அசைவுகூட லட்சக்கணக்கான தடவை வந்தால் இரும்பு சோர்ந்துபோகும். அந்தச் சோர்வு பெரும்பாலும் தொடங்குகிற இடம் வெல்டிங்கும் தகடும் சேரும் விளிம்பு. அங்கே தகட்டின் வடிவம் திடீரென்று மாறுகிறது, கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் இருக்கும். விலை கூடின, வலுவான இரும்பு வாங்கிப் போட்டாலும் இந்த விஷயத்தில் பெரிதாக ஒன்றும் தேறாது. புதிதாக வரும் எஞ்சினியர்கள் நம்ப மறுக்கிற உண்மை இதுதான்.

வட கடலில், நார்வே எண்ணெய் வயலில், அலெக்சாண்டர் கீலண்ட் என்று ஒரு மிதக்கும் மேடை இருந்தது. தொழிலாளர்கள் தங்குவதற்கானது, ஐந்து கால்கள் கொண்டது. 1980 மார்ச் 27 மாலை, புயலில் அதன் ஒரு கால் கழன்று போனது, மேடை கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள்.

அந்தக் காலைப் பிடித்திருந்த பெரிய குழாய்களில் ஒன்றில், கடலுக்கடியில் ஒலி கேட்கும் கருவிக்காக ஒரு சின்னத் தாங்கியைப் பொருத்தியிருந்தார்கள். பாரம் சுமக்கிற உறுப்பில்லை என்று அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சுற்றிலும் 6 மில்லிமீட்டர் வெல்டிங், அதுவும் சரியாக உருகிப் பிடிக்காதது. விரிசல் அங்கே பிறந்து, அலைக்கு அலை வளர்ந்து, குழாயின் சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓடியது. அந்தக் குழாய் அறுந்ததும் பாரம் தாங்காமல் அந்தக் காலைப் பிடித்திருந்த மற்ற ஐந்து குழாய்களும் அடுத்தடுத்து முறிந்தன.

விசாரணையில் அந்தப் பழைய விரிசலுக்குள் பெயின்ட் இருந்தது தெரிந்தது. கட்டுமானத் தளத்தில் பெயின்ட் அடிக்கும்போதே அங்கே பிளவு இருந்திருக்கிறது. எந்தத் தளத்துக்குச் சோதிக்கப் போனாலும், வெல்டிங் ஓரத்துப் பெயின்டை முதலில் சுரண்டச் சொல்லிவிட்டுத்தான் நான் விளக்கையே எடுப்பேன். வணக்கம்.