வரைபலகையைத் தேடிப் போனவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

மூத்த பந்தயக் கார் வடிவமைப்பாளர் போட்டி அணிக்கு மாறுவது பணத்துக்காகவா, படைப்புக்காகவா என்பது இன்றைய கேள்வி. படைப்புக்காகவே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், ரெட் புல் என்ற ஃபார்முலா ஒன் கார்ப்பந்தய அணியை விட்டு அதன் போட்டி அணியான ஆஸ்டன் மார்ட்டினில் சேரப்போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்த வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியைக் காட்டி, "செஞ்சோற்றுக்கடன் மறந்தவர்" என்றார். அந்தச் சொல் என் மனத்தை உறுத்துகிறது; ஆகவே அவரை வைத்தே பதில் சொல்கிறேன்.

2006இல் அவர் சேர்ந்தபோது ரெட் புல் ஒரு பந்தயத்தில்கூட வென்றிராத அணி. அவர் இருந்த காலத்தில் அது 6 முறை ஃபார்முலா ஒன் அணிகளுக்கான பட்டத்தை வென்றது. 2023இல் நடந்த 22 பந்தயங்களில் 21 அதன் வசம் வந்தன. கடன் என்று ஒன்று இருந்திருந்தால், அது வட்டியும் முதலுமாகத் தீர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

பணம் என்றார்கள். ஃபார்முலா ஒன் அணிகளின் செலவுக்கு 2021 முதல் உச்சவரம்பு உண்டு. ஆனால் ஓட்டுநர்களின் ஊதியமும், அவர்களைத் தவிர மிக அதிக ஊதியம் பெறும் மூவரின் ஊதியமும் அந்த வரம்பில் சேர்வதில்லை. அப்படியானால் வசதி படைத்த எந்த அணியும் அவர் கேட்டதைத் தந்திருக்கும். எங்கும் கிடைக்கக்கூடிய ஒன்று, இந்த அணியைத் தேர்ந்ததற்குக் காரணமாக முடியாது.

காரணத்தை அறிய 1990க்குப் போக வேண்டும். அப்போது லேட்டன் ஹவுஸ் என்ற சிறிய அணியில் அவர் வரைந்த கார், காரின் மாதிரி மீது காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச்சுரங்கத்தில் அருமையாகவும் ஓடுதளத்தில் படுமோசமாகவும் இருந்தது. மெக்சிகோவில் அணியின் இரண்டு கார்களும் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. வேறொரு சுரங்கத்தில் சோதித்தபோதுதான், பழைய சுரங்கத்தின் தரை வளைந்திருந்ததும் அத்தனை நாளும் அது பொய்யான அளவுகளைக் காட்டியதும் புரிந்தது. அவர் திருத்தங்களை வரைந்தார். ஆனால் அவை காரில் ஏறி ஓடுவதற்குள் அவருடைய வேலை போய்விட்டது. அடுத்த பந்தயமான பிரான்சில், திருத்திய அதே காரை ஓட்டிய இவான் கபெல்லி கடைசிச் சில சுற்றுகள் வரை முன்னிலையில் இருந்து இரண்டாவதாக வந்தார். தன் விடை சரி என்று உலகம் கண்ட நாளில், அதை எழுதியவர் அந்த அணியில் இல்லை. ஒரு படைப்பாளிக்கு இதைவிடப் பெரிய காயம் இருக்க முடியுமா, நடுவர் அவர்களே?

அடுத்துச் சேர்ந்த வில்லியம்ஸ் அணியில் பட்டங்கள் குவிந்தன. ஆயினும் அணியில் அவர் கேட்ட பங்குரிமை கிடைக்கவில்லை. அணியின் ஓட்டுநர் டேமன் ஹில்லை நீக்கும் முடிவும் அவரைக் கலக்காமலே எடுக்கப்பட்டது. "பங்கும் பணம்தானே" என்று எதிரணியினர் கேட்கலாம். இல்லை, நண்பர்களே. ஊதியம் செய்து முடித்த வேலைக்குத் தரப்படுவது. பங்கு, இனிச் செய்யப்போவதில் பேசும் உரிமையையும் சேர்த்துத் தருகிறது. வில்லியம்ஸ் மறுத்ததை ஆஸ்டன் மார்ட்டின் தந்தது. அதோடு சில்வர்ஸ்டோனில் புதிய தொழிற்சாலையையும், சொந்தமாகப் புதிய காற்றுச்சுரங்கத்தையும் அவர் முன் வைத்தது. வளைந்த தரையால் ஏமாந்த ஒருவருக்கு அந்தச் சுரங்கத்தின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்றும் அவர் கணினித்திரையில் வரைபவர் அல்லர். வரைபலகையில் தாளை விரித்து, பென்சிலால் கோடிழுத்து, பிடிக்காததை அழித்து மீண்டும் இழுக்கிறார். அதைக் கணினியில் ஏற்றுவது மற்றவர்களின் வேலை. அத்தகைய கைக்கு வெற்றுத்தாள் எப்போதாவதுதான் கிடைக்கும். 2026ஆம் ஆண்டுக்கான விதிகள் அந்தத் தாளைத் தந்தன: எஞ்சின் விதியும் காரின் உடலமைப்பு விதியும் ஒருசேர மாறின, உந்துவிசையில் ஏறத்தாழப் பாதி மின்சாரத்திலிருந்து வரவேண்டும் என்றானது, ஓடும்போதே நிலை மாறும் சிறகுகள் வந்தன. ஆஸ்டன் மார்ட்டின் என்ற பெயரில் ஒரு ஃபார்முலா ஒன் பந்தயத்தைக்கூட வெல்லாத அணியை, 65 வயதில், வென்று சலித்த அணியை விட்டுவிட்டு அவர் தேர்ந்தெடுத்தார்.

2025 மார்ச்சில் பணியில் சேர்ந்த பின்னும், அந்த ஆண்டு ஓடிக்கொண்டிருந்த காரைவிட 2026 காரின் மீதே அவர் பெரிதும் கவனம் செலுத்தினார். பணத்துக்காக வந்தவருக்கு இரண்டு கார்களும் ஒன்றுதானே என்பதை நடுவர் அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். வணக்கம்.