கொசு உங்களையே கடிக்கிறதா? சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கொசுவைப் பற்றிப் பேசப்போகிறேன். சரியாகச் சொன்னால், கொசுக்கடிக்கும் சாப்பாட்டுக்கும் நாம் போட்டு வைத்திருக்கும் முடிச்சைப் பற்றி.

"அவளுக்கு இனிப்பு ரத்தம், அதனால்தான் கொசு அவளையே சுற்றுகிறது" என்று சொல்லாத வீடு நம் ஊரில் குறைவு. அதோடு விட்டால் பரவாயில்லை. கத்தரிக்காய் கொடுக்காதே, கருவாடு கரப்பான், முட்டை சூடு, பாலை நிறுத்து என்று குழந்தையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு மனம் ஆறவில்லை. வளர்கிற பிள்ளை. கால் முழுக்க அரிப்போடு இருக்கும் பிள்ளையின் சாப்பாட்டையும் குறைத்தால் அதற்கு என்ன மிஞ்சும்?

முதலில் இதைப் பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன். இது என் முன்கை. நேற்று மாலை வாசல்படியில் உட்கார்ந்திருந்தபோது கடித்த இடம். ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான், தேடினால்தான் தெரியும். இது என் மகளின் கெண்டைக்கால். அதே படி, அதே நேரம். ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தடித்திருக்கிறது, நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, ஓரத்தில் நகம் கீறிய தடம். பார்ப்பவர்கள் உடனே "பாவம், இவளைத்தான் கொசு பிடுங்குகிறது" என்பார்கள். ஆனால் எங்கள் இருவரையும் கொசு கடித்திருக்கிறது. அவளுக்கு வீங்குகிறது, எனக்கு வீங்கவில்லை.

கொசு யாரை நாடிப் போகிறது என்பது ஒரு கேள்வி. கடித்த இடம் யாருக்கு வீங்குகிறது என்பது வேறு கேள்வி. முதலாவது கொசுவின் மூக்கு சம்பந்தப்பட்டது, இரண்டாவது நம் உடம்பின் நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்டது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சாப்பாடு நடுவில் வந்து மாட்டிக்கொள்கிறது.

முதல் கேள்விக்கு வருகிறேன். கடிப்பது பெண் கொசு மட்டும்தான், முட்டை வளர ரத்தத்தில் உள்ள புரதம் வேண்டும் என்பதற்காக. நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவைத் தூரத்திலேயே உணர்ந்து அந்தப் பக்கம் திரும்புகிறது. நெருங்க நெருங்க தோலின் வாசனை, உடம்புச் சூடு, வியர்வையின் ஈரம், துணியின் அடர்ந்த நிறம் எல்லாம் சேர்ந்து அதை இழுக்கின்றன. ரத்தத்தின் சுவை அதற்குத் தெரிவதே ஊசியை உள்ளே இறக்கிய பிறகுதான். ஆகவே இனிப்பு ரத்தம் என்று மோப்பம் பிடித்து யாரையும் தேடி வர அதற்கு வழியில்லை.

தோல் வாசனை ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபடும் என்பதை நியூயார்க்கில் உள்ள ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வோஷால் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வு 2022-இல் வெளிவந்தது. 64 பேரை முன்கையில் நைலான் காலுறைத் துணியை ஆறு மணி நேரம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு இரண்டு பேருடைய துணிகளை எதிரெதிரே வைத்து, டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார்கள். ஒருவருடைய துணிக்கு ஓடிய கொசுக்கள், கடைசி இடத்தில் இருந்தவருடைய துணிக்குப் போனதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு. கொசுவுக்குப் பிடித்தவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் கூடுதலாக இருந்தன. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையில் இருப்பவை இவை; அவற்றை அங்கே வாழும் பாக்டீரியாக்கள் தின்று நம் தனி வாசனையை உண்டாக்குகின்றன.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்தச் சோதனை மூன்று ஆண்டுகள் நடந்தது. அத்தனை காலத்தில் ஒருவர் என்னென்ன சாப்பிட்டிருப்பார், எந்தெந்தச் சோப்பை மாற்றியிருப்பார்! அப்படியும் கொசுவுக்குப் பிடித்தவர்கள் பிடித்தவர்களாகவே இருந்தார்கள். லண்டனில் இரட்டையர்களை வைத்து 2015-இல் வெளிவந்த ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டியது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களைக் கொசு ஏறக்குறைய ஒரே மாதிரி நாடியது. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களிடம் அந்த ஒற்றுமை குறைவாக இருந்தது. பெரும்பங்கு பிறப்போடு வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளைக் கொசு அதிகம் நாடும் என்பது உண்மை. காம்பியாவில் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணிகள் பக்கம் மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்கு கொசுக்கள் வந்தன. அவர்கள் விடும் மூச்சு அதிகம், வயிற்றுப் பகுதியின் சூடும் சற்று அதிகம். உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதல் கொசுவலை அவருக்குத்தான் போக வேண்டும். ஓ வகை ரத்தக்காரர்களைப் பற்றி ஜப்பானில் 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னால் வந்தவை ஒரே முடிவைத் தரவில்லை என்பதால் அதைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம்.

அப்படியென்றால் சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் பேசிக்கொள்ளும் விதத்தில் இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது பீர். புர்கினா பாசோ நாட்டில் சோளத்தில் காய்ச்சும் உள்ளூர் பீரைக் குடித்த பிறகு ஆண்களின் உடல் வாசனை மலேரியாக் கொசுவை அதிகம் இழுத்தது. தண்ணீர் குடித்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2010-இல் வந்த ஆய்வு இது. அடுத்தது வாழைப்பழம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், 2018-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வாழைப்பழம் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குக் கையை நாடிய கொசுக்கள் கூடின. திராட்சை சாப்பிட்டபோது கூடவில்லை. அவர்கள் பயன்படுத்திய கொசு அனாபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னையில் மொட்டை மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிட்டு மலேரியாவைப் பரப்புவது இதே இனம்தான். இதைக் கேட்டுவிட்டு வாழைப்பழத்தை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. ஓரிரு மணி நேரத்து மாற்றம் அது. சாயங்காலத்துக்குப் பதில் காலையில் சாப்பிட்டால் போதும்.

நான் மிகவும் ரசித்துப் படித்தது ஜாம்பியாவில் மாச்சா என்ற ஊரில் நடந்த சோதனை. 2023-இல் வெளிவந்தது. திறந்த வெளியில் வலையால் ஒரு பெரிய கூண்டு கட்டி, அதைச் சுற்றித் தனித்தனிக் கூடாரங்களில் ஆறு பேரைத் தூங்கவைத்தார்கள். அவர்களுடைய வாசனை குழாய் வழியாகக் கூண்டுக்குள் வரும். உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு, மனிதத் தோலின் சூட்டுக்குச் சூடேற்றப்பட்டது. இரவெல்லாம் கொசுக்கள் எந்தத் தட்டில் போய் உட்காருகின்றன என்று கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். அங்கும் கார்பாக்சிலிக் அமிலம் அதிகம் உள்ளவர்களிடம்தான் கூட்டம். எல்லாரையும்விடக் குறைவாகக் கொசு போன ஒருவரிடம் அந்த அமிலங்கள் குறைவு. யூகலிப்டால் என்ற பொருள் அதிகம். யூகலிப்டஸ் தைலத்தின் வாசனைக்குக் காரணமான பொருள் அது; ஏலக்காய் போன்ற பல உணவுப் பொருள்களிலும் இருக்கிறது. அவர் சாப்பிட்ட தாவர உணவிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் உணவு எந்த வழியாகக் கொசுவின் மூக்கை எட்டக்கூடும் என்பதற்கு இது நல்ல தடயம்.

பூண்டு சாப்பிட்டால் கொசு வராது, வைட்டமின் பி மாத்திரை போட்டால் கொசு வராது என்கிற இரண்டையும் 2005-இல் அமெரிக்காவில் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டும் பலிக்கவில்லை. பூண்டை ரசத்துக்காகச் சாப்பிடுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. கொசு உறிஞ்சும்போது, ரத்தம் உறையாமல் இருக்கத் தன் எச்சிலை நம் தோலுக்குள் விடுகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதங்களை நம் உடம்பு எதிரியாகப் பார்த்து ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியேற்றும்போதுதான் தடிப்பும் அரிப்பும். கென்னத் மெல்லன்பி என்ற ஆய்வாளர் 1946-லேயே இதில் படிகள் உண்டு என்று விவரித்தார். முதல்முதலாகக் கடிபடுபவருக்கு ஒன்றுமே தெரியாது. பிறகு மறுநாள் தடிக்கும். அதன் பிறகு உடனேயும் தடிக்கும், மறுநாளும் தடிக்கும். கடிபட்டுக் கடிபட்டு, ஆண்டுகள் போனபின் உடனே வரும் தடிப்பு மட்டும் மிஞ்சும். கடைசியில் அதுவும் அடங்கும். குழந்தைகளுக்கு அதிகம் வீங்குவதும் பெரியவர்களுக்கு வெறும் புள்ளியாகப் போவதும் இதனால்தான். என் மகள் நடுப்படியில் இருக்கிறாள், நான் கடைசிப் படிக்கு வந்துவிட்டேன். கத்தரிக்காய்க்கு இதில் வேலை இல்லை.

சில குழந்தைகளுக்குக் கை முழுதும் வீங்கி, சூடாகி, காய்ச்சல்கூட வரும். கொசு எச்சில் ஒவ்வாமையின் கடுமையான வடிவம் அது. கடித்த சில மணி நேரத்துக்குள் வந்தால் பெரும்பாலும் ஒவ்வாமைதான். ஓரிரு நாள் கழித்து வலியோடு சிவப்பு பரவினால், சொறிந்த புண்ணில் கிருமி புகுந்திருக்கலாம். இரண்டிலும் மருத்துவரிடம் போங்கள். மூச்சு இரைத்தாலோ, உதடு, நாக்கு வீங்கினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. அரிப்புக்கு நமக்கெல்லாம் தெரிந்த செட்ரிசின் நன்றாக வேலை செய்யும் என்று பின்லாந்தில் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. குழந்தைக்கு எவ்வளவு என்பதை மட்டும் மருத்துவர் சொல்லட்டும்.

உணவு ஒவ்வாமை உள்ளவர்களைக் கொசு அதிகம் கடிக்குமா என்றால், பால் ஒத்துக்கொள்ளாததோ கோதுமை ஒத்துக்கொள்ளாததோ கொசுவை அழைத்துவரும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஒரு நுட்பமான தொடர்பு மட்டும் உண்டு. இறால் ஒவ்வாமைக்குக் காரணமான டிரோபோமயோசின் என்ற புரதம் கரப்பான்பூச்சியிலும், தூசிப் பூச்சியிலும், கொசுவின் உடலிலும் கிட்டத்தட்ட ஒரே வடிவில் இருக்கிறது. ஒன்றுக்கு எதிராக உண்டான எதிர்ப்புப் பொருள் இன்னொன்றையும் அடையாளம் காண்பது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. அதற்காக இறாலை நிறுத்தினால் கொசுக்கடி வீங்காது என்று அர்த்தம் இல்லை.

பூச்சிக்கடியால் உணவு ஒவ்வாமை வருவது உண்டு, ஆனால் கொசுவால் அல்ல, உண்ணியால். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சில வகை உண்ணி கடித்தவர்களுக்கு, ஆல்பா-கால் என்ற சர்க்கரைப் பொருளால் ஆடு, மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போகிறது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில் உடம்பெல்லாம் தடித்து எழுந்திருப்பார்கள்.

இதையெல்லாம் விவரமாகச் சொல்வதற்குக் காரணம், ஒரே ரத்தச் சோதனையில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத நூறு உணவுகளைச் சொல்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். அவற்றில் பல ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை அளப்பவை. நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு அது சாதாரணமாகவே இருக்கும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை நிபுணர்கள் 2008-லேயே எழுதிவிட்டார்கள். கொசுத் தடிப்புக்காக அந்தச் சோதனைக்குப் போகாதீர்கள்.

அந்தப் பணத்தில் ஒரு நல்ல கொசுவலையும், படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு டேபிள் ஃபேனும் வாங்கலாம். கொசு பலவீனமாகப் பறக்கும் பூச்சி. காற்று அதைத் தள்ளிவிடும், நம் வாசனையையும் கலைத்துவிடும். ஏடிஸ் பகலில் கடிப்பது, அதனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் காலையிலேயே வெளிர் நிறத்தில் முழுக்கை, முழுக்கால் ஆடை.

இப்போது சமையலறைக்கு வாருங்கள். ஃப்ரிட்ஜின் பின்னால் கீழே இந்தத் தட்டு தெரிகிறதா? உறைபனி உருகி வடியும் தண்ணீர் இதில் தேங்கும். டார்ச் அடிக்கிறேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் போகிறதே, அதுதான் கொசுப்புழு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். நாரைப் போட்டு ஓரமெல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும், வாரம் ஒரு முறை. நான் இதைக் கழுவப் போகிறேன். நீங்களும் எழுந்து உங்கள் ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பாருங்கள். வணக்கம்.