பெண் போல்ட்டாமே!

வணக்கம் மக்களே! இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புலதான் உட்கார்ந்திருக்கேன். ஜமைக்கா ஓட்டப்பந்தய வீராங்கனை ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் பத்தி ஒரு வீடியோ கண்ணுல பட்டுச்சு. தலைப்பு என்ன தெரியுமா? 'பெண் போல்ட்'! எனக்கு உசேன் போல்ட் பைத்தியம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர்ல போல்ட்டுக்கு 3 தங்கம். இந்தம்மாவுக்கு 5! 2009, 2013, 2015, 2019, 2022. அதுல கடைசி ரெண்டும் குழந்தை பிறந்த பிறகு. அப்புறம் எதுக்கு இன்னொருத்தர் பேரு?

ஆளு அஞ்சடி உயரம்தான். ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன்ல வாட்டர்ஹவுஸ்னு ஒரு ஏரியா, அங்க வளர்ந்தவங்க. ஒலிம்பிக் 100 மீட்டர்ல, 2008 பெய்ஜிங்ல 10.78 செகண்ட், தங்கம். 2012 லண்டன்லயும் தங்கம். 2016 ரியோல கால் விரல் காயத்தோட ஓடி வெண்கலம்.

சரி, எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். எத்தனை தடவ சொன்னாலும் அலுக்காது, பொறுத்துக்குங்க. 2021 டோக்கியோ ஒலிம்பிக் 100 மீட்டர் ஃபைனல். இன்னொரு ஜமைக்கா வீராங்கனை எலெய்ன் தாம்சன்-ஹெரா 10.61ல தங்கம், ஷெல்லி 10.74ல வெள்ளி. கதை முடிஞ்சுதுன்னுதானே நினைப்போம்? நாலு வாரம்கூட ஆகல, சுவிட்சர்லாந்து லொசேன்ல அதே எலெய்னோட ஷெல்லி மறுபடியும் ஓடுறாங்க. எவ்வளவு தெரியுமா? 10.60! டோக்கியோல தங்கம் வாங்கின நேரத்தைவிட நூத்துல ஒரு செகண்ட் கம்மி! எலெய்ன் அன்னைக்கு 10.64. 34 வயசுல வாழ்நாள் பெஸ்ட்ங்க! ஃபினிஷ் லைனை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டே இருந்தேன்.

அய்யோ, 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பை அப்படியே தாண்டிட்டேன் பாருங்க! 100, 200, 4x100 ரிலே, மூணுலயும் தங்கம். ரிலேன்னதும் ஞாபகம் வருது, 2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப். அதுதான் கடைசின்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. 100 மீட்டர் ஃபைனல்ல ஆறாவது இடம். 'வயசாயிடுச்சு'ன்னு உச்சுக் கொட்டினவங்க எல்லாம் ரிலேவைப் பார்த்தாங்களா? முதல் ஆளா ஓடினது இவங்கதான். அமெரிக்கா 41.75, ஜமைக்கா 41.79. வெள்ளி! 38 வயசுல!

அடுத்த வீடியோல இன்னொரு ஜமைக்கா வீராங்கனை ஷெரிக்கா ஜாக்சனோட 21.41 செகண்ட் ஓட்டம் பத்திப் பேசுறேன். அந்த 200 மீட்டருக்குத் தனியாவே உட்காரணும். வர்றேன்!