காலியாகக் கிடந்த நாற்காலி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் எதிரெதிராக நின்றவர்கள், அதிபர் தேர்தலில் அதிபர், துணை அதிபர் வேட்பாளர்களாகத் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்னும் அணியில் பேச வந்திருக்கிறேன்.

இதற்காக நான் எழுதி வந்த குறிப்புகள் நான்கு பக்கம் இருக்கின்றன. அவற்றை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி, “தோற்றவரைத் துணை அதிபராக்குவது எப்படி இருக்கிறது தெரியுமா? அதிபரின் நாற்காலிக்குப் பின்னால் ஒருவரை நிறுத்திவைத்து, உட்கார்ந்திருப்பவருக்கு எப்போது இருமல் வரும் என்று எண்ணச் சொல்வதைப் போல இருக்கிறது” என்றார். அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். அதிபர் இறந்தால் அந்த நாற்காலி துணை அதிபருக்குத்தான் வரும். அதற்காக ஒரு மனிதரின் உயிர் போக இன்னொருவர் காத்திருப்பார் என்பது சாதாரணக் குற்றச்சாட்டு அன்று. இதற்கு விடை சொல்லாமல் வேறு எதைப் பேசினாலும் அது முறையாகாது.

1980-ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். அயோவா மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் ரொனால்ட் ரீகனை வென்றார். நியூ ஹாம்ப்ஷயரில் ரீகன் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். நாஷுவா நகரத்து விவாத மேடையில் தம் மைக்கை நிறுத்தச் சொன்னவரைப் பார்த்து, “இந்த மைக்குக்குப் பணம் கொடுப்பவன் நான்” என்று ரீகன் முழங்கியபோது, அதே மேடையில் புஷ் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்ததை நாடே பார்த்தது. ஏப்ரலில் புஷ், ரீகனின் வரிக் குறைப்புத் திட்டத்துக்கு ‘வூடூ பொருளாதாரம்’ என்று பெயர் வைத்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் பில்லிசூனியப் பொருளாதாரம். இதைவிடக் கடுமையாக ஒருவர் தம் சொந்தக் கட்சிக்காரரை ஏச முடியாது.

அந்த ஜூலையில் கட்சி மாநாடு நம்முடைய டிட்ராய்ட் நகரில்தான் நடந்தது. முன்னாள் அதிபர் ஃபோர்டைத் துணை அதிபர் வேட்பாளராக்கும் பேச்சு கடைசி நேரத்தில் முறிந்துபோன இரவில், இதோ நம் ஆற்றங்கரையில் நிற்கும் ரெனசான்ஸ் சென்டரின் 69-ஆம் மாடியில் இருந்துகொண்டு, நள்ளிரவு நெருங்கும் வேளையில் ரீகன் தொலைபேசியில் புஷ்ஷை அழைத்தார். நவம்பரில் இருவரும் 44 மாநிலங்களையும், அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களுக்கு உரிய தேர்வாளர் வாக்குகளில் 489-ஐயும் வென்றார்கள். தேர்தல் கணக்கு இத்துடன் போதும். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

1981 மார்ச் 30. ரீகன் பதவியேற்று 69 நாட்களே ஆகியிருந்தன. வாஷிங்டனில் ஒரு விடுதியிலிருந்து அவர் வெளியே வரும்போது சுடப்பட்டார். இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குல தூரத்தில் குண்டு தங்கியது. அவருக்கு அப்போது வயது 70. தம்பி சொன்ன இருமல் வந்துவிட்டது. வெறும் இருமல் அன்று, அதிபரின் வாயிலிருந்து இரத்தம் வந்தது. நாற்காலிக்குப் பின்னால் நிற்பதாகத் தம்பி சொல்லும் அந்த மனிதர் எங்கே இருந்தார்? டெக்சாஸில், விமானத்தில் இருந்தார். செய்தி கேட்டதும் வாஷிங்டனை நோக்கித் திரும்பினார்.

விமானத்திலேயே அவருக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் இறங்கி, அங்கிருந்து ஹெலிகாப்டரில் நேரே வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் இறங்கினால் நேரம் மிச்சமாகும், தொலைக்காட்சியில் நாடு முழுவதும் பார்க்கும், அரசு தளரவில்லை என்று மக்கள் ஆறுதல் கொள்வார்கள் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் புஷ் மறுத்துவிட்டார். அந்தப் புல்வெளியில் இறங்கும் உரிமை அதிபர் ஒருவருக்கே உண்டு என்றார். துணை அதிபரின் இல்லத்தில் ஹெலிகாப்டரை இறக்கச் சொல்லி, அங்கிருந்து காரில் ஏறி, தெரு வழியாகவே வெள்ளை மாளிகைக்குப் போனார்.

நடுவர் அவர்களே, அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்க்க எனக்கு அனுமதி தாருங்கள். அதிபர் அறுவைச் சிகிச்சை மேசையில் கிடக்கிறார். உலகமே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருக்கிறது. புல்வெளி காலியாக இருக்கிறது. ஓராண்டுக்கு முன் எந்த மாளிகைக்காக அயோவாவின் பனியில் வீடு வீடாக அலைந்தாரோ, அந்த மாளிகையின் வாசலில் வானத்திலிருந்து இறங்கலாம் என்று அவரிடமே சொல்கிறார்கள். அவர் காரில் போகிறார். மருத்துவமனையில் கிடக்கும் மனிதரின் மனைவி மாளிகைச் சன்னல் வழியே அந்த ஹெலிகாப்டரைப் பார்க்க நேர்ந்தால் என்ன நினைப்பார் என்பதை எண்ணிப் பார்க்கும் மனம் படைத்தவருக்குத்தான் இது தோன்றும். பின்னர் அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியபோதும், அதிபரின் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டுத் தம் வழக்கமான இருக்கையிலேயே அவர் அமர்ந்தார்.

அதே நாள் மாலையில் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் அறைக்கு விரைந்து வந்து, துணை அதிபர் திரும்பும் வரை இங்கே பொறுப்பு என் கையில்தான் இருக்கிறது என்று மூச்சு வாங்க அறிவித்தவர் ஒருவர் உண்டு. அவர் வெளியுறவு அமைச்சர் ஹெய்க். அவர் அந்த உட்கட்சித் தேர்தலில் ரீகனை எதிர்த்தவர் அல்லர். மேடை ஏறி எதிர்த்துத் தோற்றவரோ புல்வெளியை மிதிக்கவும் தயங்கினார். தம்பியின் கணக்குப்படி இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

2008-இல் ஒபாமா தம்மை எதிர்த்து நின்ற ஹிலாரியைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொள்ளவில்லையே என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். உண்மைதான். ஆனால் அவர் சேர்த்துக்கொண்ட ஜோ பைடனும் அதே உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 2004-இல் கெர்ரியும் எட்வர்ட்ஸும் இணைந்து நின்று தோற்றார்களே என்றும் கேட்டார். தோற்றார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். வெற்றிக்கு இது உறுதிச்சீட்டு என்று எங்கள் அணி ஒருபோதும் சொல்லவில்லை.

இருமல் மரணமாகவே முடிந்த கதையும் ஒன்று உண்டு. தம்பி அதைத்தான் மனத்தில் வைத்துப் பேசினார் என்று நினைக்கிறேன்.

1960-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஜான் கென்னடி 806 வாக்குகளும் லிண்டன் ஜான்சன் 409 வாக்குகளும் பெற்றார்கள். ஜான்சன் மாநிலம் மாநிலமாகப் போட்டியிடவில்லை, மாநாட்டில் நேராக மோதினார். கென்னடிக்கு உடலில் தீராத நோய் இருக்கிறது என்று செய்தியாளர்களிடம் பேசியவர்களே ஜான்சனின் ஆட்கள்தாம். ஆக, இருமலை எண்ணும் வேலையும் அங்கே நடந்தது. மறுநாள் கென்னடி அதே ஜான்சனைத் துணைக்கு அழைத்தார். விலகிக்கொள்ளுங்கள் என்று கென்னடியின் தம்பி ராபர்ட் ஜான்சனின் அறைக்கே சென்று கேட்டும் அது நடக்கவில்லை. அந்தத் தேர்தலில் ஜான்சனின் சொந்த மாநிலமான டெக்சாஸ் ஏறத்தாழ 46,000 வாக்குகள் வித்தியாசத்தில் கிடைத்தது. கிடைத்த 303 தேர்வாளர் வாக்குகளில் டெக்சாஸின் 24-உம் வட கரோலினாவின் 14-உம் கைநழுவியிருந்தால், 269 என்னும் பெரும்பான்மையைக் கென்னடி எட்டியிருக்க மாட்டார்.

1963 நவம்பர் 22 அன்று அதே டெக்சாஸின் டல்லஸ் நகரில் கென்னடி கொல்லப்பட்டார். நாற்காலி ஜான்சனுக்கு வந்தது. வந்தவர் பழைய கணக்கைத் தீர்த்தாரா? ஐந்தாம் நாள் நாடாளுமன்றத்தில் நின்று, “தொடர்வோம்” என்றார். கென்னடி போராடிய, கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைச் சட்டத்தை விரைந்து நிறைவேற்றுவதைவிட அவருக்குச் செய்யும் வேறு அஞ்சலி இல்லை என்றார். 1964 ஜூலை 2 அன்று அதில் கையெழுத்திட்டார்.

கென்னடி விட்டுச்சென்றது இன்னொன்றும் இருந்தது. பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை அனுமதிக்கும் ஒதுக்கீட்டு முறையை ஒழிக்க வேண்டும் என்று 1963 ஜூலையில் அவர் நாடாளுமன்றத்துக்கு எழுதியிருந்தார். அந்த முறையில் இந்தியாவுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 100 பேர். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு முழு நாட்டுக்கும் 100 பேர். 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவியின் சிலைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, அந்த முறையை முடித்துவைத்த சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டார்.

என் மாமனார் 1969-இல் இந்த ஊருக்கு வந்தார். அந்நாளில் நம் நாட்டு அரசு கொண்டுபோக அனுமதித்த எட்டு டாலர் அவர் சட்டைப்பையில் இருந்தது. பெட்டியில் பொறியியல் பட்டச் சான்றிதழும் மாமியார் வறுத்து அரைத்துக் கொடுத்த பருப்புப்பொடியும் இருந்தன. அந்தக் குளிரில் அவர் முதலில் வாங்கியது ஒரு பழைய கோட்டு. அவர் கட்டிய வீட்டில்தான் என் பிள்ளைகள் தமிழ் பேசி வளர்கிறார்கள். அவரைப் போல வந்தவர்கள் கூடிச் சேர்ந்திராவிட்டால் இந்த மன்றமும் இல்லை, இந்த மேடையும் இல்லை. அவர் நுழைந்த வாசலுக்குக் கோடு போட்டவர் ஒருவர். அவரை எதிர்த்துத் தோற்று, பிறகு அவருக்குப் பின்னால் நின்றவர்தான் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்.

மாமா, முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். நடுவர் உங்களைப் பார்க்கட்டும்.